ஜெனிசிஸ் பேண்டை எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கிறது? பாடகரை விடுங்க, கீபோர்டை புடிங்க

ப்ராக் ராக்னா பாட்டை நீட்டி, தாளத்தை மாத்தி மாத்தி வாசிக்கற ராக், அதுல ஒரு பெரிய இங்கிலாந்து பேண்டு ஜெனிசிஸ். "ப்ராக் ராக் கேக்கணும், ஜெனிசிஸ்ல எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்"னு யாராவது கேட்டா போதும், உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சிக்கு முதல் பாடகர் பீட்டர் கேப்ரியல் இருந்த வரைக்கும்தான் ஜெனிசிஸ், 1975ல கதை முடிஞ்சுது, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் காசுக்கு போட்டதுன்னு ஒரே பாட்டு. இன்னொரு கட்சிக்கு ஃபில் காலின்ஸ் பாடின 80ஸ் ஹிட்டு மட்டும்தான் தெரியும், இதே பேண்டுல ஒருத்தரு நரித்தலையும் செவப்பு கவுனும் மாட்டிக்கிட்டு பாடினாருன்னு சொன்னா சிரிப்பாங்க. புதுசா வர்றவங்க இந்த சண்டைல மாட்டி எதையுமே கேக்காம ஓடிடுறாங்க.

இந்த ரெண்டு பேரும் பாடகரை வெச்சுதான் இந்த பேண்டை அளக்கிறாங்க, தப்பு அங்கதான் இருக்கு. 1967லேருந்து 2022 வரைக்கும் இந்த கதைல எல்லா பக்கத்துலயும் இருக்கறது ரெண்டே பேருதான், கீபோர்டு டோனி பேங்க்ஸ், பேஸ் கிட்டார் மைக் ரதர்ஃபோர்டு. பாடகர் மூணு பேரு மாறியாச்சு, டிரம்மர் எத்தனைன்னு எண்ணவே ஒரு கை பத்தாது, லீட் கிட்டாரிஸ்ட் ரெண்டு பேரு போயாச்சு. அதனால பேங்க்ஸோட விரலை புடிச்சுக்கிட்டு நடங்க, எந்த வருஷத்துக்கு போனாலும் இது ஒரே பேண்டுன்னு காதுக்கு தானா தெரியும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், தயவு செஞ்சு முதல் ஆல்பத்துலேருந்து வரிசையா கேக்காதீங்க. நான் அதைத்தான் பண்ணேன், ஒழுங்கான பையன் மாதிரி 1969ல ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல அலுத்துப் போய் ஒரு வருஷம் இந்த பேண்டு பக்கமே வரல. 1969ல வந்த அந்த ஃப்ரம் ஜெனிசிஸ் டு ரெவலேஷன் ஸ்கூல் பசங்க போட்டது. அப்படியே அர்த்தத்துல ஸ்கூல் பசங்கதான், சர்ரே கவுண்டில கொடால்மிங் பக்கத்துல இருக்கற சார்ட்டர்ஹவுஸ்ங்கிற போர்டிங் ஸ்கூல்ல ரெண்டு பேண்டு இருந்துச்சு, பேங்க்ஸும் கேப்ரியலும் ஒண்ணுல, ரதர்ஃபோர்டும் கிட்டாரிஸ்ட் ஆண்டனி ஃபிலிப்ஸும் இன்னொண்ணுல, ரெண்டும் ஒண்ணா சேந்ததுதான் இது. அதே ஸ்கூல்ல முன்னாடி படிச்ச ஜோனதன் கிங்ங்கிற ப்ரொட்யூசருக்கு டெமோ டேப் போச்சு, ஜெனிசிஸ்னு பேரு வெச்சதும் அவருதான். அவருக்கு பிடிக்கணும்னே பீ ஜீஸ் பேண்டு மாதிரி ஒரு பாட்டு எழுதிக் குடுத்தாங்க, ஆல்பம் ரெக்கார்ட் பண்ணப்புறம் அதுமேல ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் கொட்டிட்டாங்க. பேரையும் டைட்டிலையும் பாத்துட்டு கடைக்காரங்க பக்திப்பாட்டு அடுக்குல கொண்டுபோய் வெச்சுட்டாங்களாம், வித்தது ஆயிரம் கூட இல்ல. இதை எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு கடைசியா கேளுங்க, பாசமா இருக்கும்.

சரி, ஆரம்பம் எங்க? நட்ட நடுவுல. 1976 பிப்ரவரில வந்த எ ட்ரிக் ஆஃப் த டெயில். கேப்ரியல் போய்ட்டாரு, அடுத்த பாடகரைத் தேடி விளம்பரம் குடுத்து ஆள் மேல ஆளா ஆடிஷன் நடந்துச்சு, யாரும் சரிப்படல, இவங்க பாட்டுக்கு பாட்டில்லாம மியூசிக்கை மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தரை ஸ்டுடியோ வரைக்கும் கூப்பிட்டு ஸ்க்வாங்க்ங்கிற பாட்டை பாட விட்டாங்க, அவருக்கு அந்த சுருதி ஒத்து வரல. அப்பறம்தான் டிரம்மர் காலின்ஸ் "நான் ஒரு தடவை பாத்துடறேனே"ன்னு போய் நின்னாரு, முடிஞ்சுது. பேண்டு செத்துப்போச்சுன்னு பத்திரிக்கைல எழுதிக்கிட்டு இருந்தப்போ வந்த ஆல்பம் இங்கிலாந்து சார்ட்டுல 3ஆவது இடம் வரைக்கும் போச்சு.

இதுல ஆரம்பிக்க சொல்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, பழைய ஜெனிசிஸோட அகலமும் இருக்கு, பின்னாடி வந்த ஜெனிசிஸோட மெலடியும் இருக்கு, ரெண்டு பக்கமும் கதவு திறந்த வீடு மாதிரி. ரெண்டாவது, அதுவரைக்கும் எல்லா பாட்டுக்கும் எழுதினது "ஜெனிசிஸ்"னு மொத்தமாத்தான் போடுவாங்க, இந்த ஆல்பத்துலேருந்துதான் யாரு எந்த பாட்டுன்னு தனித்தனியா போட ஆரம்பிச்சாங்க, எடுத்து பாருங்க, எட்டு பாட்டு, எட்டுலயும் பேங்க்ஸ் பேரு இருக்கு. மேட் மேன் மூன் அவரு தனியா எழுதினது. நான் சொன்ன கீபோர்டு விஷயம் சும்மா வாய்க்கு வந்தது இல்ல.

முதல் தடவை கேக்கும்போது வேற எதுவும் பண்ண வேணாம், ஹெட்ஃபோன் போட்டு ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு முழுசா ஒரு 50 நிமிஷம் விடுங்க. ரெண்டாவது தடவைல என்டாங்கில்ட் பாட்டோட கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் கவனிங்க, ஸ்டீவ் ஹாக்கெட்டோட அக்கூஸ்டிக் கிட்டார் சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு பின்னாடி ஒரு பெரிய கோரஸ் எழும்பி வரும், அது மனுசங்க பாடறது இல்ல, மெல்லோட்ரான். மெல்லோட்ரான்னா ஒவ்வொரு கட்டைக்கு கீழயும் ஒரு டேப் துண்டு இருக்கற கீபோர்டு, கட்டையை அமுக்கினா அந்த டேப் ஓடும், அதுல ரெக்கார்ட் பண்ணி வெச்ச வயலினோ கோரஸோ கேக்கும், டேப் முடிஞ்சா சத்தமும் முடிஞ்சுது, சுமார் 8 செகண்டுதான். சாம்ப்ளருக்கு பாட்டன்னு வெச்சுக்கங்க. 70ஸ் ப்ராக்ல திடீர்னு மூடுபனி மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுன்னா பத்துக்கு எட்டு இதுதான்.

அந்த ஆல்பத்தோட கடைசி பாட்டு லாஸ் எண்டோஸ், இன்ஸ்ட்ருமெண்டல், முன்னாடி வந்த பாட்டுங்களோட துண்டுங்க எல்லாம் திரும்ப வந்து போகும். முடியற நேரத்துல வால்யூமை நல்லா ஏத்தி வெச்சு கேளுங்க, காலின்ஸ் ரொம்ப மெதுவா ரெண்டு வரி பாடுவாரு. அது 1972 சப்பர்ஸ் ரெடி பாட்டோட வரி. போன ஆளுக்கு சொன்ன டாட்டா. முதல் தடவை இது உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, பின்னாடி போய்ட்டு திரும்பி வந்து கேக்கும்போது அடி வயித்துல ஒரு மாதிரி இருக்கும், அதுக்காகத்தான் இதை முதல்ல குடுத்தேன்.

இப்போ பின்னாடி போகலாம்

ஒரு வாரம் அதை ஓட்டினப்புறம் 1973க்கு போங்க, செல்லிங் இங்கிலாண்ட் பை த பவுண்ட். டைட்டில்லயே ஒரு நக்கல் இருக்கு, பவுண்டுன்னா அந்த ஊரு காசும்தான் எடையும்தான், நாட்டை நிறுத்து வித்துட்டாங்கன்னு. முதல் பாட்டு டான்சிங் வித் த மூன்லிட் நைட், கேப்ரியல் தனியா எந்த வாத்தியமும் இல்லாம ஆரம்பிப்பாரு, எட்டு நிமிஷத்துல எங்கெங்கயோ போய்ட்டு மெதுவா அடங்கும். ஹாக்கெட் இதுல விரலால ஃப்ரெட் போர்டு மேலயே தட்டி வாசிப்பாரு, டேப்பிங்னு பின்னாடி ஹெவி மெட்டல்காரங்க பேமஸ் ஆக்கினதை இவரு 1971லயே பண்ணியிருக்காரு.

இந்த ஆல்பத்துல உக்காந்து கேக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த், ஸ்காட்லாந்துல ஃபர்த் ஆஃப் ஃபோர்த்னு ஒரு கழிமுகம் இருக்கு, ஃபோர்த்துக்கு அடுத்தது ஃபிஃப்த்துதானேன்னு வெச்ச கடி ஜோக்கு பேரு. பேங்க்ஸ் இதை முந்தின ஆல்பத்துக்கே கொண்டு வந்து வேணாம்னு சொல்லிட்டாங்களாம். பியானோ இன்ட்ரோ ஒரு நிமிஷத்துக்கு மேல, தாளம் கைக்கு சிக்காது, எண்ணாதீங்க, விட்டுடுங்க. நடுவுல ஃப்ளூட்ல ஒரு சின்ன மெலடி வரும், கேப்ரியல் ஊதறது, அதை மனசுல வெச்சுக்கங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அதே மெலடியை ஹாக்கெட் எலக்ட்ரிக் கிட்டார்ல எடுத்து நீட்டி நீட்டி வாசிப்பாரு, பறவை காத்துல மிதக்கற மாதிரி. நிறைய பேரு அதை ஹாக்கெட் சோலோன்னு மட்டும் சொல்லுவாங்க, மெலடி எழுதினது பேங்க்ஸு. எழுதினவரு ஒருத்தரு, அதுக்கு உயிர் குடுத்தவரு இன்னொருத்தரு, ஹாக்கெட் 1977ல போனப்போ என்ன போச்சுன்னு இந்த மூணு நிமிஷத்துல புரிஞ்சுடும்.

ரெண்டாவது த சினிமா ஷோ. முதல் பாதி 12 கம்பி கிட்டார், காதல் கதை. ரெண்டாவது பாதிதான் நமக்கு வேணும், பாட்டு நின்னுடும், தாளம் 7 அடிக்கு மாறும், "தகதிமி தகிட"ன்னு தொடைல தட்டிக்கிட்டே போனா விழாம போகலாம். அந்த பாதில வாசிக்கறது மூணே பேருதான், பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, காலின்ஸ். கேப்ரியலும் இல்ல ஹாக்கெட்டும் இல்ல. 1978க்கு அப்பறம் ஸ்டேடியம் நிரப்பின அந்த மூணு ஆள் ஜெனிசிஸ் 1973லயே இந்த நாலு நிமிஷத்துல உள்ள உக்காந்திருக்கு. "பழைய ஜெனிசிஸ் வேற புது ஜெனிசிஸ் வேற"ன்னு யாராவது வாதம் பண்ணா இந்த பாட்டை போட்டு விட்டுட்டு நீங்க போய் வேற வேலையைப் பாருங்க.

(எப்பிங் ஃபாரஸ்ட் ரவுடி சண்டை பாட்டு ஒண்ணு இருக்கு, பன்னெண்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி, கேப்ரியல் மூச்சு விடாம வார்த்தையை அடுக்கியிருப்பாரு, மியூசிக்குக்கு நிக்க இடமே இல்ல. ஸ்கிப் பண்ணாலும் பாவம் இல்ல.)

அடுத்து இன்னும் ஒரு படி பின்னாடி, 1972 ஃபாக்ஸ்ட்ராட். அந்த வருஷம் செப்டம்பர் கடைசில டப்ளின்ல ஒரு ஷோ, நடுவுல கேப்ரியல் ஸ்டேஜை விட்டு போய்ட்டு அவரு பொண்டாட்டியோட செவப்பு கவுனும் நரித்தலை மாஸ்க்கும் போட்டுக்கிட்டு திரும்பி வந்தாரு. கவர்ல இருக்கற படத்துலேருந்து எடுத்த ஐடியா. பேண்டுல யாருக்கும் முன்கூட்டி சொல்லல, சொன்னா வேணாம்பாங்கன்னு தெரியும். கூட்டம் வாயடைச்சு போச்சு, படம் மெலடி மேக்கர் பத்திரிக்கைல முதல் பக்கம் வந்துச்சு, அதுக்கப்புறம் ஷோவுக்கு வாங்கற காசு ஏறிடுச்சு. வேஷம் போட்டது கிறுக்குத்தனம்னு மத்தவங்களுக்கு தோணியிருக்கும், ஆனா ட்யூனிங் பண்ண நேரம் புடிக்கற பாட்டுங்க, பத்து பன்னெண்டு கம்பிங்க, அந்த இடைவெளில கூட்டத்தை உக்கார வைக்க கதை சொல்ல ஆரம்பிச்சவருக்கு இது அடுத்த படிதான்.

சப்பர்ஸ் ரெடியை எப்படி கேக்கறது

23 நிமிஷம், ஏழு பகுதி. ஒரே மூச்சுல கேட்டா பாதில போனை எடுத்துடுவீங்க, உண்மையை சொல்றேன். முதல் தடவை இப்படி பண்ணுங்க: ஒரு ஆளும் அவன் காதலியும் ராத்திரி ஒரு ரூம்ல உக்காந்திருக்காங்க, அவ முகம் மாறுது, வெளிய புல்வெளில வெள்ளைத் துணி போத்தின ஆளுங்க நடந்து போறாங்க, இங்கேருந்து கிளம்பி பைபிள்ல வர்ற உலக முடிவு வரைக்கும் போய்ட்டு வீட்டுக்கு திரும்பி வர்ற பயணம், இவ்ளோதான் கதை. நடுவுல வில்லோ ஃபார்ம்னு பூவுங்க பேசற ஒரு கோமாளித்தனமான பகுதி வரும், ஸ்டேஜ்ல கேப்ரியல் தலையை சுத்தி பெரிய பூ மாட்டிக்கிட்டு பாடினது இதைத்தான், கேட்டுட்டு இது என்னடா நர்சரி பாட்டுன்னு நிறுத்திடாதீங்க, அதுக்கு அடுத்ததுதான் விஷயமே.

ஆறாவது பகுதி, அபோகலிப்ஸ் இன் 9/8. பேஸும் டிரம்ஸும் 9 அடில ஒரே விஷயத்தை திரும்பத் திரும்ப வாசிப்பாங்க, 3, 2, 4ன்னு பிரிச்சு. "தகிட தக தகதிமி, தகிட தக தகதிமி"ன்னு வாயில சொல்லிக்கிட்டே கேளுங்க, பத்து ரவுண்டுல உடம்பு புடிச்சுக்கும். புடிச்சப்புறம் காதை மட்டும் ஆர்கனுக்கு மாத்துங்க, வாய் தகிட தகன்னு ஓடிக்கிட்டே இருக்கட்டும். பேங்க்ஸ் அந்த 9ஐ சட்டையே பண்ண மாட்டாரு, அவரு பாட்டுக்கு மேல வேற கணக்குல போய்க்கிட்டு இருப்பாரு, கீழ ஒரு வண்டி மேல ஒரு வண்டி, மோதப்போகுது மோதப்போகுதுன்னு இருக்கும், எல்லாம் ஒரே இடத்துல வந்து சேர்ற நொடில மெல்லோட்ரான் திறந்து கேப்ரியல் குரல் உள்ள நுழையும். அந்த நொடிக்காக மீதி 20 நிமிஷத்தையும் கேக்கலாம். எண்ணாம கேட்டாலும் நல்லாதான் இருக்கும், எண்ணிக்கிட்டு கேட்டவங்களுக்கு மட்டும் அந்த சேர்ற இடத்துல மயிர்க்கூச்சு வரும்.

இதோட முடிச்சுட்டு மறுபடி லாஸ் எண்டோஸ் கடைசியை போட்டு பாருங்க. சொன்னேன்ல.

1971 நர்சரி க்ரைம்லேருந்து முழு ஆல்பம் வேணாம், த மியூசிக்கல் பாக்ஸ் ஒண்ணு போதும் முதல்ல. காலின்ஸும் ஹாக்கெட்டும் சேந்து பண்ண முதல் ஆல்பம் இது. காலின்ஸ் வந்த கதை நல்லா இருக்கும், மெலடி மேக்கர் விளம்பரம் பாத்து 1970ல ஆடிஷனுக்கு கேப்ரியலோட அப்பா அம்மா வீட்டுக்கு சீக்கிரமே போய்ட்டாரு, "முன்னாடி ஆளுங்க இருக்காங்க, நீ போய் நீச்சல் குளத்துல ஒரு முழுக்கு போடு"ன்னுட்டாங்க, தண்ணில இருந்துக்கிட்டே மத்த டிரம்மருங்க திரும்பத் திரும்ப வாசிச்ச பாட்டுங்களை கேட்டு மனப்பாடம் பண்ணிட்டாரு, அவரு முறை வந்தப்போ பாடம் படிச்சாச்சு. சின்ன வயசுல லண்டன் நாடக மேடைல நடிச்ச பையன் வேற. அவரு பாட ஆரம்பிச்சது 1976லன்னு எல்லாரும் சொல்றாங்க, அதுவும் முழுசா சரி இல்ல, இதே ஆல்பத்துல ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ், 1973ல மோர் ஃபூல் மீ, ரெண்டும் காலின்ஸ் பாடினதுதான். கேப்ரியல் குரலுக்கு ஹார்மனி குடுத்துக்கிட்டு அஞ்சு வருஷம் பின்னாடியே உக்காந்திருந்தாரு. அதனாலதான் மாறினப்போ பேண்டு ஒடையல.

அதுக்கும் முன்னாடி 1970 ட்ரெஸ்பாஸ், கடைசி பாட்டு த நைஃப் மட்டும் கேளுங்க. கவர் ஓவியம் வரைஞ்ச பால் வைட்ஹெட் அழகான அமைதியான படம் ஒண்ணு முடிச்சு வெச்சிருந்தாரு, அப்பறம் இந்த மூர்க்கமான பாட்டு ஆல்பத்துல சேந்துச்சு, படம் இதுக்கு ஒத்து வரலன்னு சொன்னதும் மனுசன் கேன்வாஸையே கத்தியால கிழிச்சு அப்படியே போட்டோ எடுத்துட்டாரு. கவர்ல தெரியற கிழிசல் அதுதான். அந்த ஆல்பத்தோட ஆண்டனி ஃபிலிப்ஸ் ஸ்டேஜ் பயத்தால விலகிட்டாரு, பேண்டை அப்பவே மூடிடலாமான்னு யோசிச்சாங்க.

லாம்ப்: இதுக்கு தனியா ஒரு வாரம்

1974 நவம்பர்ல வந்த த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே டபுள் ஆல்பம், 94 நிமிஷம், நியூயார்க் தெருவுல திரியற ரேயல்ங்கிற போர்ட்டோ ரிக்கன் பையன் பூமிக்கு அடில எங்கயோ இழுத்துக்கிட்டு போகப்பட்ட கதை. புரியுதான்னு கேட்டா புரியாது, எனக்கும் பாதிக்கு மேல புரியல, அதை பத்தி கவலைப்படாதீங்க. நாலு எல்பி பக்கம், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், நாலு நாள். மொத்தமா கேட்டா மூணாவது பக்கத்துல கண்ணு சொக்கும். இன் த கேஜ் பாட்டுல பேங்க்ஸ் கீபோர்டை மறக்காம புடிங்க, கேப்ரியல் போய் பல வருஷம் ஆகியும் லைவ்ல இதை இவங்க விடவே இல்ல.

இந்த ஆல்பத்தோட சூழ்நிலை தெரிஞ்சா பாட்டோட எரிச்சல் புரியும். ஹாம்ப்ஷயர்ல ஹெட்லி க்ரேஞ்ச்ங்கிற இடிஞ்ச பழைய வீட்டுல உக்காந்து எழுதினாங்க, மியூசிக் ஒரு ரூம்ல நாலு பேரு, வரி எல்லாம் நான்தான் எழுதுவேன்னு கேப்ரியல் இன்னொரு ரூம்ல. நடுவுல எக்ஸார்சிஸ்ட் படம் எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின் கேப்ரியலை சினிமாவுக்கு கூப்பிட்டாரு, இவரு கொஞ்ச நாள் போய்ட்டு திரும்பினாரு. முதல் குழந்தை பொறக்கும்போதே ரொம்ப சிக்கலாகி ஹாஸ்பிடல்ல கிடக்குது, இவரு கஷ்டம் மத்தவங்களுக்கு ஏறல. டூர் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல, கிளீவ்லாண்ட்ல, நான் போறேன்னு சொல்லிட்டாரு. சொன்னப்புறமும் 1975 மே வரைக்கும் கிட்டத்தட்ட நூறு ஷோ முழு ஆல்பத்தையும் வேஷத்தோட பண்ணி முடிச்சாரு, உடம்பு பூரா கட்டியோட ஸ்லிப்பர்மேன்னு ஒரு ரப்பர் டிரெஸ், மைக் வாய்கிட்டயே போகாதாம், பாட்டு கேக்காம பாதி பாடியிருக்காரு. 1975 ஆகஸ்ட்லதான் விஷயம் வெளிய வந்துச்சு. அதைப் பத்தி அவரு எழுதின பாட்டுதான் 1977 சோல்ஸ்பரி ஹில், அதையும் இந்த இடத்துல கேட்டுடுங்க.

இப்போ முன்னாடி

1976 டிசம்பர் விண்ட் அண்ட் வதரிங், அதுல ஆஃப்டர்க்ளோவும் ஒன் ஃபார் த வைனும். அப்பறம் 1977 லைவ் ஆல்பம் செகண்ட்ஸ் அவுட், பெரும்பாலும் பாரீஸ்ல ரெக்கார்ட் பண்ணது, இதுல காலின்ஸ் பாடற சப்பர்ஸ் ரெடி இருக்கு, ஃபாக்ஸ்ட்ராட்ல கேட்டதை பக்கத்துல வெச்சு பாருங்க. கேப்ரியல் நடிப்பாரு, காலின்ஸ் பாடுவாரு. எனக்கு 9 அடி பகுதி மட்டும் லைவ்ல இன்னும் பிடிக்கும், ரெண்டு டிரம்ஸ் ஓடுது, செஸ்டர் தாம்சனும் காலின்ஸும். இந்த ஆல்பம் மிக்ஸ் ஆகிக்கிட்டு இருக்கும்போது ஹாக்கெட் போய்ட்டாரு, அவரு எழுதின பாட்டுக்கு இடம் கிடைக்கலன்னு.

அடுத்த ஆல்பத்துக்கு "அப்பறம் மூணு பேரு மிச்சம்"ங்கற அர்த்தத்துல அண்ட் தென் தேர் வேர் த்ரீன்னு பேரு வெச்சாங்க, 1978, அதுல ஃபாலோ யூ ஃபாலோ மீ இங்கிலாந்துல 7ஆவது இடம், அவங்க முதல் டாப் டென். பொண்ணுங்களும் ஷோவுக்கு வர ஆரம்பிச்சாங்கன்னு அவங்களே சொல்லி சிரிப்பாங்க. அந்த ஆல்பத்துல வேற எதையும் வேகமா தாண்டிடலாம்.

1980 ட்யூக்ல நில்லுங்க. இங்கிலாந்துல முதல் நம்பர் 1 ஆல்பம். இதுக்கு ஒரு ட்ரிக் இருக்கு. முதல்ல இதுல ஆறு பாட்டு ஒரே நீளமான முப்பது நிமிஷ துண்டா இருந்துச்சு, அப்படியே போட்டா எல்லாரும் சப்பர்ஸ் ரெடி பார்ட் டூன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து பிரிச்சு ஆல்பம் பூரா தூவிட்டாங்க. நீங்க அதை ஒட்ட வெச்சுக்கலாம், ஒரு ப்ளேலிஸ்ட் போடுங்க: பிஹைண்ட் த லைன்ஸ், டச்சஸ், கைடு வோக்கல், டர்ன் இட் ஆன் அகெய்ன், ட்யூக்ஸ் ட்ராவல்ஸ், ட்யூக்ஸ் எண்ட். இந்த வரிசைல கேட்டதுக்கு அப்பறம் 1980ல ஜெனிசிஸ் ப்ராக்கை விட்டுடுச்சுன்னு சொல்ல வாய் வராது. டர்ன் இட் ஆன் அகெய்ன் ரேடியோ ஹிட்டு, கூட்டம் கை தட்டும், தட்டிக்கிட்டே தடுமாறும், ஏன்னா அது 13 அடி, நாலு நாலா எண்ணினா மூணு ரவுண்டு முடிஞ்சு ஒண்ணு மிச்சம் நிக்கும். எழுதின ரதர்ஃபோர்டுக்கே அது 13ன்னு தெரியாது, காலின்ஸ் சொல்லித்தான் தெரிஞ்சுதாம்.

80ஸுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சுத்து. 1980ல வந்த கேப்ரியலோட மூணாவது சோலோ ஆல்பத்துக்கு காலின்ஸ் போய் டிரம்ஸ் வாசிச்சாரு, சிம்பலே வேணாம்னு கேப்ரியல் சொல்லிட்டாரு, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோல எஞ்சினியர் ஹ்யூ பேட்கம், அங்க பேச்சுக்காக வெச்சிருந்த மைக் வழியா டிரம்ஸ் சத்தம் நசுங்கி பெருசா வந்து டக்குனு அறுந்து போறதை கவனிச்சாங்க. அதுதான் இன்ட்ரூடர் பாட்டு, அதுலேருந்து 1981ல காலின்ஸோட இன் தி ஏர் டுநைட், அதுலேருந்து 80ஸ் முழுக்க எல்லாரோட டிரம்ஸும். பிரிஞ்சு போன ரெண்டு பேரு சேந்து கண்டுபுடிச்சதுன்னா யாரு நம்புவா.

அப்பறம் 1981 ஆபகாப், பேட்கம் கூட சேந்து வேணும்னே பழைய பழக்கம் எல்லாத்தையும் தூக்கி போட்டு பண்ணது. 1983ல மாமாங்கிற பாட்டு (நம்ம மாமா இல்ல, அம்மான்னு அர்த்தம்), அந்த டிரம் மெஷினும் காலின்ஸோட பேய் சிரிப்பும், ராத்திரி தனியா கேளுங்க. 1986 இன்விசிபிள் டச், பேரு உள்ள பாட்டு அமெரிக்காவுல நம்பர் 1, அடுத்த வாரமே அதை எறக்கிட்டு அந்த இடத்துல உக்காந்தது கேப்ரியலோட ஸ்லெட்ஜ்ஹாமர். அந்த ஆல்பத்துல ஹிட்டு அஞ்சையும் ஏற்கனவே எங்கயாவது கேட்டிருப்பீங்க, நீங்க டாமினோவுக்கு போங்க, பத்து நிமிஷத்துக்கு மேல, ரெண்டு பகுதி, வரி பேங்க்ஸ் எழுதினது. பாப் ஆல்பம்னு திட்டறவங்க இதை எப்படி தாண்டிப் போறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. 1991 வி காண்ட் டான்ஸ்ல ட்ரைவிங் த லாஸ்ட் ஸ்பைக், இங்கிலாந்துல ரயில் பாதை போட்ட கூலிக்காரங்க கதை, காலின்ஸ் எழுதினதுலயே எனக்கு இதுதான் ஒசத்தி. அவரு போனப்புறம் 1997ல ரே வில்சன் பாடின கால்லிங் ஆல் ஸ்டேஷன்ஸ் ஒண்ணு இருக்கு, நல்ல குரல், பாவம், பாட்டுங்கதான் நடக்கவே மாட்டேங்குது, அமெரிக்க டூரையே கேன்சல் பண்ணிட்டாங்க. இதுக்கு ஒரு தடவை போதும்.

எந்த வெர்ஷன்னு குழம்பாதீங்க. ஸ்ட்ரீமிங்ல 2007னு போட்டிருக்கறது நிறைய நிக் டேவிஸ் புதுசா மிக்ஸ் பண்ணது, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா பளிச்சுனு கேக்கும், எண்ணிக்கிட்டு கேக்கறதுக்கு அது வசதி. ஆனா பழைய மிக்ஸ்ல எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு இருக்கற அந்த புகை போய்டும், ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு மட்டுமாவது பழசை தேடுங்க.

கடைசியா ஒரு ப்ளேலிஸ்ட், ரெண்டே பாட்டு. 1991 ஆல்பத்தோட கடைசி பாட்டு ஃபேடிங் லைட்ஸ், காலின்ஸ் கூட பண்ண கடைசி ஆல்பத்தோட கடைசி பாட்டு, வரி பேங்க்ஸோடது. 2021-22 கடைசி டூர்ல காலின்ஸால டிரம்ஸ் வாசிக்க முடியாம நாற்காலில உக்காந்து பாடினாரு, டிரம்ஸ்ல அவரு பையன் நிக். அந்த டூர்ல ஃபேடிங் லைட்ஸோட முதல் ரெண்டு சரணத்தை பாடிட்டு அப்படியே சினிமா ஷோவோட அந்த 7 அடி பாதிக்குள்ள போய்டுவாங்க. 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரீனா, கடைசி ஷோ, கேப்ரியல் கூட்டத்துல ஒருத்தரா உக்காந்து பாத்தாரு. நீங்களும் அதே மாதிரி ஃபேடிங் லைட்ஸை மூணு நிமிஷம் போல ஓட விட்டுட்டு, சினிமா ஷோவை ஆறாவது நிமிஷம் தாண்டி வெச்சு, தகதிமி தகிடன்னு தட்டிக்கிட்டே கேளுங்க.